தீவுக்கு வந்த மான்: அந்தமான் முதல் குவாம் வரை, ஊடுருவிய உயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் ராஸ் தீவு (இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) மான் கட்டாயம் இருக்கும். இடிந்த ஆங்கிலேயர் கட்டடம், அதைக் கவ்விப் பிடித்த ஆலம்வேர், முன்னால் ஒரு புள்ளிமான். "இந்த மான் இங்கே இருக்கவே கூடாது" என்று சொன்னால் உடனே முகம் மாறும், கேள்விகள் வரும். அப்படி வந்த கேள்விகளையும், பேச்சு நீண்டபோது கிளைத்த மற்றவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அந்தமானில் மான் இருப்பதில் என்ன தவறு?

மானிடம் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்தமான் காட்டில் மான் என்ற இனமே கிடையாது. அங்கே இயற்கையாக இருந்த குளம்புள்ள விலங்கு காட்டுப்பன்றி ஒன்றுதான். புள்ளிமானை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர்கள் வேட்டைப் பொழுதுபோக்குக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள்.

முதுமலையில் மான் பெருகினால் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, கூட்டமாக வந்து துரத்தும் செந்நாய் இருக்கிறது. அந்தமானில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. காட்டையே நம்பி வாழும் ஜாரவா மக்கள் மரபாக வேட்டையாடுவது காட்டுப்பன்றியைத்தான், மானை அவர்கள் நாடுவதில்லை. ஆகவே மானுக்கு அங்கே பயப்பட ஒன்றும் இல்லாமல் போனது. மான் நன்றாக நீந்தும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தீவுக்கும் தீவுக்கும் நடுவே உள்ள உப்புநீர்க் கழிகளைத் தானாகவே கடந்து, விடாத தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று அந்தமானின் பெரும்பாலான தீவுகளில் புள்ளிமான் உண்டு.

மான் இலைதழைதானே தின்கிறது? அதனால் காடு அழிந்துவிடுமா?

காடு அழிந்தது போலத் தெரியாது. படகிலிருந்து பார்த்தால் கரை முழுக்கப் பச்சையாகவே இருக்கும். உள்ளே நடந்தால்தான் வித்தியாசம் புரியும். பெரிய மரங்கள் நிற்கும், அவற்றின் கீழே இடுப்பளவுக்கு இருக்க வேண்டிய செடிகொடிகளும் இளங்கன்றுகளும் இருக்காது. பெருக்கி வைத்த முற்றம் போல வெறுந்தரை. இன்று நிற்கும் மரம் விழும்போது அந்த இடத்துக்கு வர வேண்டிய மரம் எப்போதோ மானின் வயிற்றுக்குள் போய்விட்டது.

முதலில் அடிபடுவது பல்லி, ஓணான் வகைகள். அந்தமானில் மட்டுமே வாழும் ஓணான்கள் சில, பகலில் தரையிலும் சிறு தண்டுகளிலும் இரை தேடி, இரவில் மெல்லிய கிளை நுனியில் ஒட்டிக்கொண்டு தூங்கும். பாம்பு ஏறினால் கிளை அசையும், ஓணான் விழித்துக் குதித்துவிடும். அந்தச் சிறு கிளைதான் அதற்கு வீடு, கட்டில், காவல் எல்லாமே. அடிக்காட்டை மான் மேய்ந்துவிட்டால் அது எங்கே தூங்கும்? நித்ய பிரகாஷ் மொகந்தியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் மான் அதிகமுள்ள, குறைவாக உள்ள தீவுகளை ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: மான் மிகுந்த இடத்தில் அடிக்காடு மெலிகிறது, அதை நம்பிய ஓணான்களும் குறைகின்றன. மான் ஒரு பல்லியைக்கூடத் தின்னவில்லை. வீட்டைத்தான் தின்றது.

வெளியிலிருந்து வந்தவை எல்லாமே கெடுதலா? மிளகாயும் தக்காளியும்கூட வெளியிலிருந்து வந்தவைதானே?

ஆமாம், மரவள்ளி, முந்திரி, பப்பாளி எல்லாம் கடல் கடந்து வந்தவைதான். அவை தோட்டத்தில் நிற்கின்றன. நாம் கைவிட்டால் பெரும்பாலும் மாய்ந்துவிடும். வந்த இடத்தில் தானாகவே பெருகி, பரவி, அங்கிருந்த உயிர்களின் இடத்தையோ உணவையோ உயிரையோ பறிக்கத் தொடங்கும் இனத்தைத்தான் 'ஊடுருவும் அயல் இனம்' என்கிறோம். உயிர்ப்பன்மை குறித்த அரசுகளுக்கிடையேயான அறிவியல் மன்றம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர் கைவழியே உலகெங்கும் இடம் மாறிய இனங்கள் 37,000-க்கு மேல் என்றும், அவற்றில் தீங்கு செய்பவையாகத் தெரிந்தவை 3,500-க்கு மேல் என்றும் சொல்கிறது. பத்தில் ஒன்று. ஆனால் எந்த ஒன்று என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. சிக்கலே அங்குதான்.

தீவில் மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு?

அதே அறிக்கையின்படி, ஊடுருவும் இனங்களை முதன்மைக் காரணமாகக் கொண்ட இன அழிவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு தீவுகளில் நடந்தவை.

தீவில் உயிர்கள் மிக நீண்ட காலம் தனியாக வளர்ந்தவை. பூனை இல்லாத ஊரில் பறவை தரையில் முட்டையிடும். துரத்த ஆளில்லாத இடத்தில் சிறகு வலுவிழந்து சுருங்கும். மேயும் விலங்கு இல்லாத காட்டில் செடிக்கு முள் தேவையில்லை, இலையில் கசப்பும் தேவையில்லை. பயம் என்பதும் பழக்கத்தால் வருவதுதான். இந்த உயிர்களுக்கு அது பழகவில்லை. அவற்றை முட்டாள் என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். பூட்டே தேவைப்படாத ஊரில் வாழ்ந்தவர்களை ஏமாளி என்று சொல்வோமா?

இன்னொன்று, ஒதுங்க இடம் கிடையாது. பெருநிலத்தில் ஓரிடத்தில் அழிந்தாலும் அடுத்த மலையில் மிச்சம் இருக்கும். அங்கே தவிர வேறெங்கும் இல்லாத 'ஓரிட உயிரி'க்கு அந்தத் தீவுதான் உலகம்.

டோடோவை மனிதர்கள் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. மொரீஷியசில் டச்சுக்காரர்கள் 1598-இல் இறங்கினார்கள், வேட்டையும் ஆடினார்கள். ஆனால் கப்பலில் கூடவே வந்த எலி, பன்றி, குரங்கு ஆகியவை தரையில் இருந்த முட்டைகளைத் தின்றதுதான் பெரிய அடி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பலரும் ஏற்கும் கடைசிப் பதிவு 1662-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மனிதர் காலடி பட்டு ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

ஒரே ஒரு இனம் ஒரு தீவையே காலி செய்ய முடியுமா?

குவாமைப் பாருங்கள். பசிபிக் கடலில் ஏறக்குறைய 540 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி, சமோரோ மக்களின் மண். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1940-களின் இறுதியிலோ அடுத்த சில ஆண்டுகளிலோ, பப்புவா நியூகினியை ஒட்டிய அட்மிரால்டி தீவுகளிலிருந்து வந்த படைச் சரக்குகளுக்குள் பழுப்பு மரப்பாம்பு ஒளிந்து வந்தது. யாரும் கொண்டுவரவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை.

1960-களில் தீவின் தெற்கே பறவைச் சத்தம் குறையத் தொடங்கியது. அந்த மௌனம் ஆண்டுக்கு ஆண்டு வடக்கே நகர்ந்தது. பூச்சிமருந்தோ, ஏதோ நோயோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். பாம்பு பரவிய வழியையும் பறவை மறைந்த வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, காரணம் பாம்புதான் என்று ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் 1987-இல் நிறுவியபோது நேரம் கடந்திருந்தது. குவாமின் 12 காட்டுப் பறவை இனங்களில் 10 அந்தத் தீவிலிருந்து போய்விட்டன. பறவை தீர்ந்தால் பாம்பும் பட்டினியில் சாகும் என்று எண்ணலாம். சாகவில்லை. பல்லிகள் ஏராளமாக இருந்தன, அவற்றைத் தின்று பாம்பு பிழைத்துக்கொண்டது. அதனால்தான் கடைசிப் பறவை வரைக்கும் அதனால் வேட்டையாட முடிந்தது.

பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் உலுக்குகிறது. பூச்சி தின்னும் பறவை இல்லாததால் காட்டில் சிலந்திகள் பெருகின. பக்கத்துத் தீவுகளோடு ஒப்பிட்டால் மழைக்காலத்தில் 40 மடங்கு வரை அதிகம் என்று 2012-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பழம் தின்று விதையைத் தூரக் கொண்டுபோய்ப் போடும் பறவையும் இல்லை, ஆகவே விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுந்து வீணாகின்றன. மின்கம்பத்தில் ஏறும் பாம்புகள் மின்தடை உண்டாக்குவதும் அங்கே வாடிக்கை.

அந்தப் பாம்பை ஒழிக்கவே முடியாதா?

இதுவரை முடியவில்லை. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பாரசிட்டமால் அந்தப் பாம்புக்கு நஞ்சு. 80 மில்லிகிராம் போதும். செத்த சுண்டெலிக்குள் மாத்திரையை வைத்து, மரக்கிளையில் சிக்கிக்கொள்ளும்படி காகித நாடா கட்டி, ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்கள். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மோப்ப நாய்கள் சரக்கைச் சோதிக்கின்றன, ஏனென்றால் அடுத்த பயம் ஹவாய். எல்லாம் பாம்பைக் குறைக்கும், பரவாமல் தடுக்கும். தீவு முழுவதிலும் துடைத்தெடுக்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சீஹெக் என்று சமோரோ மக்கள் அழைக்கும் குவாம் மீன்கொத்தி 1988 முதல் காட்டில் கிடையாது. அதற்குமுன் பிடித்துக் காப்பாற்றிய 29 பறவைகளின் வழித்தோன்றல்கள் உயிர்க்காட்சியகங்களில் வளர்ந்தன. 2024-இல் அவற்றில் 9 பறவைகளைப் பல்மைரா பவளத்தீவில் திறந்துவிட்டார்கள். சொந்த மண்ணில் விட முடியாது, அங்கே பாம்பு காத்திருக்கிறது. வீடு திரும்ப முடியாத பறவைக்கு வேறொரு கரை. மகிழ்ச்சியும் துயரமும் ஒன்றாக வரும் செய்தி அது.

அந்தமானில் மானைத் தவிர வேறு என்ன வந்தது?

யானை வந்தது. மரம் இழுப்பதற்காகக் கொண்டுவரப்பட்டவை. இன்டர்வியூ தீவில் மரம் வெட்டிவந்த ஒரு நிறுவனம் 1962 வாக்கில் தொழில் நொடித்துப்போய், 40 யானைகள் வரை அப்படியே விட்டுவிட்டுப் போனது. வளர்ப்பு யானைகள் காட்டு யானைகளாயின. பிரம்பு, மூங்கில், தாழை எல்லாவற்றையும் மேய்ந்தன, மரப்பட்டையை உரித்தன. பின்னர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. யானையைப் பார்த்தால் கைகூப்பும் மரபில் வந்தவன் நான். அந்த யானைகளுக்கும் சேர்த்து இழைக்கப்பட்ட அநீதி அது என்றே நினைக்கிறேன்.

சத்தமில்லாமல் வந்தது தவளை. நம் ஊர் வயல்களில் மழை பெய்ததும் பளீரென்று மஞ்சளாகி ஒலியெழுப்புமே, அந்த மாட்டுத்தவளைதான். நம் மண்ணில் அது விவசாயிக்குத் தோழன். அந்தமானில் 2000-த்துக்குப் பிறகுதான் தென்படத் தொடங்கியது. குளத்தில் விடப் பெருநிலத்திலிருந்து வாங்கிவரும் மீன்குஞ்சுகளோடு தலைப்பிரட்டைகளும் கலந்து வந்திருக்கின்றன. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குத் தின்பதற்காகவே கொண்டுபோனவர்களும் உண்டு. இந்தத் தவளையின் தலைப்பிரட்டை பாசி தின்று வளரும் சாது அல்ல, மற்ற தலைப்பிரட்டைகளைத் தின்னும். நித்ய மொகந்தியும் ஜான் மீசியும் செய்த சோதனைகளில் அந்தமானின் சொந்தத் தவளைக் குஞ்சுகளை அது பெருமளவில் தின்று தீர்த்தது தெரியவந்தது. வளர்ந்த தவளையின் வயிற்றிலோ பல்லி முதலான சிறு உயிர்கள். கோழிக்குஞ்சை விழுங்குகிறது என்று அங்குள்ள குடும்பங்கள் முறையிடுகின்றன. ஒரே உயிர், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடலைத் தாண்டியதும் வேறு பொருள் கொள்கிறது.

ஆப்பிரிக்க நத்தையும் அப்படி வந்ததா?

கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது அது. மொரீஷியசிலிருந்து 1847-இல் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் கல்கத்தாவுக்கு உயிருடன் எடுத்துவந்த நத்தைகள் தோட்டமொன்றில் விடப்பட்டன, இந்தியாவில் அதன் கதை அங்கே தொடங்கியது. அந்தமானுக்கு வந்தது இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்திருந்த காலத்தில் என்று சொல்கிறார்கள். காய்கறிப் பாத்தியை ஒரே இரவில் மொட்டையடிக்கும். மூளையைத் தாக்கும் எலிப்புழுவையும் சுமக்கக்கூடியது, அதனால் வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

நத்தையைத் தின்னும் விலங்கு ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் தீர்ந்துவிடாதா?

இந்த யோசனையை நல்ல மனதோடு சொல்பவர்கள் நிறையப் பேர். பசிபிக் தீவுகளில் செய்து பார்த்தார்கள். ஆப்பிரிக்க நத்தையை அடக்க, நத்தைதின்னி நத்தை ஒன்றை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து டஹிட்டியிலும், 1977-இல் அதன் அருகிலுள்ள மூரியாவிலும் விட்டார்கள். அதுவோ பெரிய ஆப்பிரிக்க நத்தையைத் தேடிப் போகாமல், மரத்தில் வாழ்ந்த பார்டுலா என்ற குட்டி நத்தைகளைத் தின்றது. தீவுக்குத் தீவு, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வெவ்வேறாக வளர்ந்திருந்த அழகான நத்தைகள் அவை. பத்தே ஆண்டுகளில் மூரியா காட்டில் பார்டுலா இல்லை. ஆய்வுக்கூடங்களில் காப்பாற்றப்பட்ட சிலவற்றின் சந்ததியைத்தான் இப்போது திரும்ப விட்டுவருகிறார்கள்.

அதற்காக இந்த வழி எப்போதும் தவறு என்றும் சொல்ல மாட்டேன். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில், செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்ற மஞ்சள் எறும்புக்கு இனிப்புச் சுரந்து ஊட்டிவந்தது ஓர் அரக்குப்பூச்சி. அந்தப் பூச்சியை மட்டும் தாக்கும் சிறு குளவி ஒன்றைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 2016 இறுதியில் மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். எதைத் தின்னும் என்பதோடு வேறு எதையெல்லாம் தின்னாது என்பதையும் பார்த்தபின் எடுத்த முடிவு அது. அவசரத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

ஆடு மேய்ந்தால் ஒரு தீவுக்கு என்ன ஆகும்?

நார்கொண்டம் என்று ஒரு தீவு. வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே, கடலிலிருந்து எழுந்த எரிமலை முகடு, பரப்பு 7 சதுர கிலோமீட்டர்கூட இருக்காது. நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவைக்கு உலகில் இருக்கும் ஒரே இடம் அதுதான். 1960-களின் இறுதியில் அங்கே ஒரு காவல் சாவடி அமைந்தது. நடுக்கடலில் காவலுக்கு இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்கென்று ஆடுகள் வந்தன. ஆடு காட்டுக்குள் போனது, பெருகியது. இருவாச்சிக்கு முதிர்ந்த பெருமரத்தின் பொந்துதான் கூடு. ஆடு மரத்தை ஒன்றும் செய்யாது, கன்றைத் தின்னும். ஒரு தலைமுறை மரங்கள் சாய்ந்தால் அடுத்த தலைமுறை இருக்காது.

பறவையியலாளர்கள், அவர்களில் ரவி சங்கரன் முக்கியமானவர், ஆடுகளை எடுத்துவிடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். எடுத்தார்கள். 2020-இல் அங்கே தங்கி ஆய்வு செய்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக் குழு இருவாச்சிகள் ஏறத்தாழ 1,000 இருக்கலாம் என்று மதிப்பிட்டது. முன்பு சொல்லப்பட்ட எண்ணிக்கை சில நூறுகள்தான். எண்ணும் முறைகள் வேறு என்பதால் எல்லாப் பெருமையையும் ஆடு நீங்கியதற்கே கொடுக்க முடியாது. ஆனாலும் சரியான நேரத்தில் சொன்ன ஒரு நல்ல சொல், கேட்கப்பட்டது. எலிகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

நாயும் பூனையும்?

ஆபத்துதான். கடலாமை இரவெல்லாம் மூச்சிரைக்க மணலைத் தோண்டி முட்டையிட்டுப் போகும், விடிவதற்குள் நாய் கிளறிவிடும். நிக்கோபாரில் மண்மேடு கட்டி முட்டை புதைக்கும் மெகபோடு பறவைக்கும் இதே தொல்லை. தீவில் நாய் வளர்ப்பவர்கள் கருத்தடை செய்து, இரவில் கட்டி வைத்தாலே பாதி உதவி.

இவற்றைக் கொல்வது பாவமில்லையா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. கலாபகசுத் தீவுகளில் 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலா திட்டத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆடு கூட்டத்தைத் தேடிப்போகும் குணமுள்ளது என்பதால், ஒன்றின் கழுத்தில் ஒலிபரப்பி கட்டி விடுவார்கள். அது போய்ச் சேரும் கூட்டத்தைச் சுடுவார்கள், அதை மட்டும் விட்டு வைப்பார்கள், அது அடுத்த கூட்டத்தைத் தேடும். படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஆட்டை விட்டு வைத்தால் பெரும் ஆமைகள் பட்டினி கிடந்து சாகும். அந்தச் சாவுக்குச் சத்தம் கிடையாது, ரத்தம் தெரியாது, அதனால் நம் கணக்கில் வருவதில்லை. ஆடு உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறது, அந்த ஆமை அங்கே மட்டும்தான். அங்கே இரண்டு பக்கமும் உயிர்தான் போகிறது. எந்தப் பக்கம் மீளவே முடியாததோ அதைக் காப்பதே சரி என்பது என் முடிவு. அதே மூச்சில் சொல்கிறேன்: துன்பம் குறைந்த வழியைத் தேடுவதும், பிடித்து அகற்ற முடிந்தால் அப்படிச் செய்வதும் நம் கடமை. கொண்டுவந்தவர்கள் மனிதர்கள், விலை கொடுப்பது விலங்கு. ஜீவகாருண்யம் பேசுபவர்கள் படகுத்துறையில் சரக்கு இறங்கும்போதே பேசத் தொடங்கினால் துப்பாக்கிக்கு வேலை வராது.

தமிழ்நாட்டுத் தீவுகளில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் கணக்கில் உண்டு. அவற்றில் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. சுற்றிலும் பவளப்பாறைகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆனது.

அங்கே வந்தது ஒரு பாசி. கப்பாபைகஸ் என்பது பெயர், பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜினன் அதிலிருந்து கிடைக்கிறது. மண்டபம் பகுதியில் 2000-த்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய குளிர்பான நிறுவனம் இதை வணிகமாக வளர்க்கத் தொடங்கியது. பாம்பன் கரையில் இன்றும் அதற்குப் 'பெப்சி பாசி' என்றுதான் பெயர். 2005-இல் அரசு, பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்று வரையறுத்தது. கடலுக்குப் பாலம் தெரியுமா? 2008-இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். விதை வேண்டாம், துண்டு ஒன்று போதும், ஒட்டிய இடத்தில் வளரும். பவளத்தை மூடினால் அதற்கு வெளிச்சம் போகாது, அடியில் இருப்பது சாகும். கையால் பிய்த்தெடுத்தாலும் மிஞ்சிய துணுக்கு மறுபடி தழைக்கிறது. பாதிப்பின் அளவு பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பாசி வளர்ப்பில் சோறு கண்ட பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களை வில்லிகளாக்கிப் பேசுவது அநியாயம். கஞ்சிப்பாசி முதலான நம் கடலின் சொந்தப் பாசிகளை வளர்க்க அவர்களுக்குக் கைகொடுப்பதுதான் நேரான வழி என்பது என் எண்ணம். தீவுகளின் தரைப்பகுதியில் சீமைக்கருவேலம் செய்வதை நான் விளக்க வேண்டியதில்லை, ராமநாதபுரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

இலங்கையும் தீவுதானே?

ஆமாம், பெரிய தீவு என்பதால் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுதல். ஆகாயத்தாமரை 1905 வாக்கில் பூ அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. 1909-லேயே அதை ஒழிக்கத் தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. குளங்களில் இன்றும் இருக்கிறது. தெற்கே பூந்தல தேசியப் பூங்காவின் உப்புநீர்க் கழியோரக் காடுகளில் சீமைக்கருவேலம் பறவைகளின் நிலத்தை அடைக்கிறது. வவுனியா, யாழ்ப்பாணப் பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பார்த்தீனியம் தெரியும். 1980-களின் இறுதியில் இந்தியப் படையோடு வந்த ஆடுகள் வழியாக அது வந்தது என்பது அங்கே பலரும் சொல்வது.

சட்டம் எதுவும் இல்லையா?

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 திருத்தம் 'ஊடுருவும் அயல் இனம்' என்பதற்கு முதன்முறையாக வரையறை தந்தது, கட்டுப்படுத்தும் அதிகாரமும் தந்தது. அதில் ஒரு சிக்கல்: நாட்டுக்குள்ளேயே இடம் மாறிய உயிர்களை அது தொடுவதில்லை. புள்ளிமானும் மாட்டுத்தவளையும் இந்திய உயிர்கள், ஆகவே 'அயல்' அல்ல. அரசியல் எல்லை வேறு, உயிர்களின் எல்லை வேறு என்பதைச் சட்டம் இனித்தான் கற்க வேண்டும்.

ஒழித்துவிட்டால் பழையபடி திரும்புமா?

சில நேரம் நம்ப முடியாத அளவுக்கு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹோ தீவில் 1918-இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியது. எலிகள் கரையேறின. ஓரிடப் பறவை இனங்கள் ஐந்து அழிந்தன. உள்ளங்கை நீளமுள்ள, பளபளக்கும் கருங்குச்சிப்பூச்சி ஒன்றும் 1920-க்குள் போய்விட்டது என்றே எண்ணினார்கள். 2001-இல், 20 கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் செங்குத்தாக நிற்கும் பால்ஸ் பிரமிடு என்ற பாறையில் ஏறியவர்கள், ஒரேயொரு புதரடியில் அந்தப் பூச்சியைக் கண்டார்கள். இருபத்துச் சொச்சம்தான் இருந்தன. எண்பது ஆண்டு காலம் ஒரு புதர் ஓர் இனத்தைக் காத்திருக்கிறது. 2019-இல் தீவு முழுக்க எலிமருந்து வைத்தார்கள். அந்த நாட்களில் வுட்ஹென் என்ற பறக்காத பறவைகளைப் பிடித்துப் பத்திரமாக வைத்திருந்து பிறகு விட்டார்கள். முன்பு 250 அளவில் இருந்தவை சில ஆண்டுகளில் 1,000-ஐத் தாண்டின.

அழிந்த ஐந்து பறவைகள் திரும்பவில்லை.

அடுத்த மாதம் அந்தமான் போகிறேன். நான் என்ன செய்யலாம்?

கிளம்பும் முன் காலணியின் அடிப்பகுதியைக் கழுவிக் காயவையுங்கள், விதை ஒட்டுவது சேற்றில்தான். கூடாரம், முதுகுப்பை இருந்தால் உதறிப் பாருங்கள். செடி, மண்ணோடு தொட்டி, விதை, மீன்தொட்டி மீன், தலைப்பிரட்டை எதையும் கொண்டுபோகாதீர்கள், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கும் எடுத்துப்போகாதீர்கள். அங்கே உறவினர் இருந்து "ஊரிலிருந்து ஒரு மல்லிப் பதியன் கொண்டுவா" என்று கேட்டால், அங்கேயே நாற்றங்காலில் வாங்கிக் கொடுங்கள்.

ராஸ் தீவு மானுக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கலாமா?

வேண்டாம். தள்ளி நின்று பாருங்கள், படம் எடுங்கள். பிறகு திரும்பி அங்கே அடிமரத்திலோ இடிசுவரிலோ தேடுங்கள். அந்தமானுக்கே உரிய பச்சைநிறப் பகல்பல்லி, செம்புள்ளி தெறித்த முதுகோடு வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதையும் ஒரு படம் எடுத்து ஊரில் காட்டுங்கள்.